மூட்டை வைக்கும் வீடு

மதினி வீட்டில் மூட்டை வைத்துவிட்டால், அதன் பிறகு அந்த ஆளைத் தெருவில் கண்டாலும் மதினி பேச மாட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. அவள் கணக்கில் அந்த ஆள் ஊரில் இல்லை. கப்பலுக்குப் போயாகிவிட்டது.

தென்காசி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, ரயில்வே கேட்டை ஒட்டி அவள் வீடு. ஓலைக் கூரை, மண் சுவர். கேட்டு அடைத்திருக்கும்போது நிற்கிற வண்டிக்காரர்களுக்குச் சுண்டல் அவித்து விற்பாள். கேட்டடி மதினி என்றால் புளியறை வரைக்கும் தெரியும். பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மூட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் பினாங்குக்குப் பிழைக்கப் போன காலம் அது. கப்பல் நாகப்பட்டினத்தில். நாள் குறிப்பது கம்பெனி. கம்பெனிக்குச் சூலம் தெரியாது, ராகுகாலம் தெரியாது. கப்பல் நாளுக்கு முதல் நாள் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். அம்மை குத்தின தழும்பைப் பார்ப்பார். அவர் முத்திரை போட்டால்தான் படகில் ஏற்றுவார்கள். கப்பல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். நேரத்துக்குப் போகாதவனுக்கு அடுத்த கப்பல் எப்போது என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால் ஊரை விட்டு எந்தக் கிழமை கிளம்புவது என்பது நம் கையில் இல்லை. திங்கட்கிழமை என்று விழுந்தால் கிழக்கே சூலம். அன்று கிழக்கே போனால் விளங்காது என்பார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, மாற்று வேட்டியும் ஒரு மஞ்சள் கிழங்கும் மூட்டை கட்டி, போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டு வைத்துவிடுவது. பரஸ்தானம் என்று பெயர். மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. மறுநாள் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் உண்டு. வைத்தவன் தன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மூட்டையும் திரும்பக் கூடாது.

மதினி வீடு கிழக்கே இருந்தது. ரயிலுக்கும் பக்கம். எல்லாரும் அங்கேதான் வைத்தார்கள். எல்லாருக்கும் அது ஒரு சாங்கியம். மதினிக்கு அப்படி இல்லை.

துணி வியாபாரம் செய்கிற ராவுத்தர் ஒருவர் ஒரு தடவை பெட்டியோடு வந்தார்.

"மதினி, எனக்குச் சூலமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெட்டி கனக்குது. ஒரு ராத்திரி இங்கன கிடக்கட்டும்."

மதினி பெட்டியை வாங்கி உள்ளே பலகைமேல் வைத்தாள். சாயந்தரம் அவர் மறுபடி வந்தார். மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டதாம். மதினி அவர் நின்ற இடத்தைப் பெருக்கினாள். அவர் காலைத் தூக்கினார். காலுக்கு அடியிலும் பெருக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ராவுத்தர் பக்கத்தில் நின்ற வண்டிக்காரரைக் கேட்டார். "ஏ அண்ணாச்சி, நான் நிக்கது உமக்காவது தெரியுதா?"

"தெரியுது பாய். மதினிக்கு நீரு பினாங்குல இறங்கியாச்சு."

"அப்போ அங்கன மல்லு வேட்டி என்ன வெலைக்குப் போகுதுன்னு மதினிட்ட கேட்டுச் சொல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. மறு வருஷம் ராவுத்தர் திரும்பி வந்தபோது அவள்தான் முதலில் கேட்டாள். "வாங்க பாய், எப்ப வந்தீய? மெலிஞ்சிட்டியளே." போனவன் வந்தால் அவளுக்குத் தெரியும். போனவன் போகாத மாதிரி நின்றால்தான் தெரியாது.

மூட்டை இருக்கிற நாளில் பலகை ஓரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பாள். "தாகமா இருக்கும், குடிச்சுக்கோ" என்பாள். மூட்டையிடம்தான். கால் நீட்டி உட்கார மாட்டாள். சாரல் அடித்தால் முதலில் மூட்டையை நகர்த்துவாள், பிறகுதான் அடுப்பை. கதவைச் சாத்தவே மாட்டாள்.

"நாய் வருமே மதினி" என்றேன் ஒரு தடவை.

"வந்தா விரட்டுதேன். போறவன் இருக்க வீட்டுல கதவைச் சாத்தக் கூடாதுட்டி. அவனுக்கு எப்ப நேரம் வருமோ."

நான் பக்கத்துத் தெருவில் நெல் குத்தினேன். வேலை முடிந்தால் அங்கே போய்க் கடலையில் கல் பொறுக்கிக் கொடுப்பேன். அப்படி ஒரு நாள் பொறுக்கும்போது அவளாகவே சொன்னாள்.

"நானும் மூட்டை வச்சவதான்."

"எங்க போறதுக்கு?"

"கொழும்புக்கு. அவரு மூட்டையும் என் மூட்டையும் ஒரே வீட்டுலதான் வச்சோம். அவரு வெள்ளன வந்து ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"உங்கள விட்டுட்டா?"

"என்னைய எங்கட்டி விட்டாரு? கூட்டிட்டுத்தான் போனாரு. இங்கன கிடக்கது மேலுதான், வெறும் உடம்பு."

அவள் சொளகைத் தட்டினாள். வானத்தைப் பார்த்தாள். நல்ல வெயில்.

"அங்கன மழை" என்றாள்.

என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர். சீசனுக்கு வருகிறவர்களைக் கல்லில் உட்கார வைத்துத் தேய்த்துவிடுவார். பித்தளைக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தார். அகலமான கை. சத்தமாகச் சிரிப்பார். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று சிரித்துப் பழகிவிட்டது, வீட்டிலும் அப்படித்தான். சாரல் நின்றால் வேலை நிற்கும். பிள்ளையும் இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளி ஒருவர் எழுதினார். போகிறேன் என்றார். போங்கள் என்றேன்.

கப்பல் புதன்கிழமை. செவ்வாய் காலையில் நாகப்பட்டினத்தில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை இங்கே ரயில் ஏற வேண்டும். சூலம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டை வைத்தோம். ஒரு வேட்டி, ஒரு துண்டு, மஞ்சள், எண்ணெய்க் கிண்ணம். கிண்ணத்தைக் கழுவாமலே துணியில் சுற்றினார். மதினி இரண்டு கையாலும் வாங்கினாள்.

அவருக்கு விளையாட்டு. வாசலிலிருந்து திரும்பி நின்று, "மதினி, ஒரு இலை சுண்டல் தாங்க" என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள். "நல்லபடியா கிளம்பிட்டாம்லா" என்றாள்.

"மதினி, இங்கன நிக்கேன்."

"தங்கமான பய. போய்ச் சேரட்டும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என்னிடம், "ஏட்டி, என் மேலு இருக்கா பாரு" என்று கையை நீட்டினார். தொட்டேன். இருந்தது. வீட்டுக்கு வரக் கூடாது என்பதால் அப்படியே குற்றாலத்துக்கு நடந்தார். கூட்டாளிகளோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு மறுநாள் வருவதாகப் பேச்சு.

மத்தியானம் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு சைக்கிளில் வந்தார். வேர்த்திருந்தது.

"ஏ தாயி, கப்பல் ஒரு நாள் முந்துதுன்னு தந்தி வந்திருக்கு. இன்னிக்கு ரயிலை விட்டா போச்சு. உன் மாப்பிள்ளைய நேரா டேசனுக்கு ஏத்திட்டு வரக் குத்தாலத்துக்குக் குதிரை வண்டி அனுப்பியிருக்கேன். நீ மூட்டைய எடுத்துட்டு டேசனுக்கு ஓடு."

ஞாயிற்றுக்கிழமை கிழக்கே சூலம் இல்லை. முன்னமே தெரிந்திருந்தால் மூட்டை வைத்திருக்கவே வேண்டாம். அதை நினைத்துக்கொண்டே ஓடினேன்.

மதினி மூட்டையைத் தரவில்லை.

"வச்சவன் கைதான் எடுக்கணும். நீ வீட்டுக்காரி. நீ தொட்டா அவன் வீட்டுக்குத் திரும்பின கணக்கு."

"நேரமில்ல மதினி. அவுக டேசன்ல நிப்பாவ."

"வரச் சொல்லு. டேசன் எம்புட்டுத் தூரம்?"

"வண்டி வந்து சேரவே நேரம் இருக்காது. கொடுங்க மதினி."

"நீ தொடாத."

இதற்குள் ஊதல் கேட்டது. ரயில் கிளம்பிவிட்டது. அது மதினி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மதினி உள்ளே போய் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். தண்டவாளத்தை ஒட்டி நின்றாள். கேட்டுப் பக்கம் ரயில் மெதுவாகத்தான் வரும். ஜன்னலில் அவர் தெரிந்தார். தலை நனைந்திருந்தது. அருவியிலிருந்து அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு கையையும் வெளியே நீட்டினார்.

"எறிங்க மதினி! எறிங்க!"

மதினி மூட்டையை ஏந்திக்கொண்டு ரயிலோடு நடந்தாள். பிறகு ஓடினாள். கைக்கும் மூட்டைக்கும் ஒரு முழம் இருந்தது. எறிந்திருந்தால் பிடித்திருப்பார். அவள் எறியவில்லை. ரயில் போய்விட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

"எறிஞ்சிருக்கலாம்லா" என்றேன்.

மதினிக்கு மூச்சு வாங்கியது. குழந்தையைப் பிடிப்பது போல மூட்டையைப் பிடித்திருந்தாள்.

"ஆளை எறிவாங்களாட்டி?"

அவள் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. அவள் உள்ளே போனாள். பலகையில் வைத்தாள். தண்ணீர் வைத்தாள். "பயந்துட்டியா? குடிச்சுக்கோ" என்றது வெளியே கேட்டது.

பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை கிடைத்தது, கிண்ணம் இல்லாமல் கை ஒரு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். பிறகு யுத்தம் வந்தது. பினாங்கை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்றார்கள். கடிதம் நின்றது. போனவர்களும் வரவில்லை. கப்பலே இல்லை. மதினி வீட்டில் யாரும் மூட்டை வைக்கவில்லை. என் வீட்டுக்காரரின் மூட்டை ஒன்றுதான் பலகையில் இருந்தது. எண்ணெய் துணியில் இறங்கி வேட்டி கறுத்துப்போனது. கதவு சாரலிலும் வாடையிலும் திறந்தே கிடந்தது. மதினிக்கு இருமல் வந்தது. அப்போதும் சாத்தவில்லை.

நான் தினமும் போனேன். போய் உட்காருவேன். மூட்டையில் எண்ணெய் வாசம் இருந்தது. அவர் மேலில் அடிக்கிற அதே வாசம். மதினியைப் பார்க்கப் போனேனா, அந்த வாசத்துக்குப் போனேனா, தெரியவில்லை.

யுத்தம் நடக்கும்போதே ஒரு நாள் என் வீட்டுக்காரரின் அண்ணன் அங்கே வந்தார். அவர் நல்லவர்தான்.

"ஏம்மா, அங்கன போனவங்க யாரும் மிஞ்சலன்னு சொல்லுதாங்க. தம்பிக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம். நீயும் இப்படிக் கழுத்துல போட்டுட்டு எத்தனை நாள் உக்காந்திருப்ப?"

நான் வாய் திறக்குமுன் மதினி சொன்னாள்.

"ஆள் உள்ள இருக்கும்போது தாலிய எவ கழத்துவா?"

"எங்க மதினி இருக்கான்?"

"சத்தமா பேசாதீய. அசந்து கிடக்கான்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தாலி என் கழுத்தில் இருந்தது. யார் சொல்லி இருந்தது என்றால் மதினி சொல்லி இருந்தது.

யுத்தம் முடிந்து ஒரு மழைக்காலத்தில் அவர் வந்தார்.

ரயில் நிலையத்தில் உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள் இருக்கிறார் என்று வந்து சொன்னார்கள். போனேன். சுவர் ஓரம் ஒருவர் குத்தவைத்திருந்தார். எலும்பும் தோலும். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். மச்சம் இருந்தது. அவர்தான்.

"சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போயிட்டான். காட்டுக்குள்ள. கூட வந்தவங்க யாரும் இல்ல." இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் அதற்கு மேல் சொன்னதில்லை. வலது கையில் விரல்கள் மடங்கியே இருந்தன. விரியவில்லை.

வீட்டுக்குப் போகும் முன் மூட்டையை எடுக்க வேண்டும் என்றார். அது மட்டும் நினைவு இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

"மதினி, நான்தான். மூட்டைய எடுக்க வந்திருக்கேன்."

மதினி அவரைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். அன்று போலப் பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

"உக்காருங்க. எந்தூரு உங்களுக்கு?"

நான் சொன்னேன். "மதினி, எங்க வீட்டுக்காரரு. வந்துட்டாவ."

"அவன் உள்ள இருக்காம்லா."

"மதினி, நல்லாப் பாருங்க. அவுகதான்."

"அவன் இன்னும் இந்த வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லையே ஏட்டி. கிளம்பாதவன் எப்படித் திரும்பி வருவான்?" இலையில் சுண்டல் எடுத்து அவரிடம் நீட்டினாள். "பாவம், ரொம்பத் தூரத்துலேந்து வந்த மாதிரி இருக்கு. சாப்பிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. மூட்டையைத் தூக்கி வந்து அவர் மடியில் போட்டுவிடலாம் என்று எழுந்தேன். அவர் என் சேலையைப் பிடித்தார். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். பலகை, சொம்பு, கறுத்த வேட்டி. ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவுக சொல்லுதது சரிதான்" என்றார். "அவன் இருக்கட்டும்."

எடுக்கவில்லை. அப்புறம் அவர் அதைக் கேட்டதும் இல்லை.

வீட்டில் அவர் பேச மாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். காய்ச்சல் விட்டு விட்டு வரும். வராத நாளில் மெதுவாக எழுந்து கேட்டடிக்குப் போவார். மதினிக்குத் தண்ணீர் எடுத்து வைப்பார். விரல் மடங்கின கையில் வாளிப் பிடியை மாட்டிக்கொண்டு வருவார். மதினி அவரை அசலூர்க்காரர் என்றுதான் கூப்பிடுவாள்.

"அசலூர்க்காரரே, இந்த வீட்டுல ஒருத்தன் இருக்கான் தெரியுமா?"

"அப்படியா?"

"குத்தாலத்துல எண்ணெய் தேய்ப்பான். அவன் தேய்ச்சா உக்காந்த இடத்துலயே தூங்கிருவாங்க."

"அப்படியா?"

"ஒருக்க ஒரு ஜமீன்தாரு தூங்கிட்டாரு. இவன் மெல்ல அவரு குடுமியில பூவைச் சுத்தி வச்சிட்டான். அதோட பல்லக்குல போயிருக்காரு மனுசன்."

"ஜமீன்தாரு இல்ல, வக்கீலு" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

நான் வேப்ப மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். தன்னைப் பற்றிய கதையை அவர் யாரோ ஒருவனின் கதையைக் கேட்பது போலக் கேட்டார். ஒரு நாள், "அவன் எப்போ போவான்?" என்று கேட்டார். "நேரம் வரணும்லா" என்றாள் மதினி.

ஒரே ஒரு நாள் சிரித்தார். வக்கீல் குடுமியைப் பற்றி மதினி மறுபடி சொல்லும்போது சட்டென்று சிரித்துவிட்டார். பழைய சிரிப்பு. கேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சிரிப்பு. மதினி கையில் இருந்த கரண்டி நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள்.

நானும் உள்ளேதான் பார்த்தேன்.

அடுத்த சாரலில் காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தத் தடவை விடவில்லை. என் வீட்டில்தான் இறந்தார். சாகும்போது கையைத் தடவிக் கொடுத்தேன். விரல் விரியவில்லை.

குளிப்பாட்டிப் போட வேட்டி வேண்டும் என்றார்கள். மூட்டையில் இருக்கிற வேட்டிக்காக அண்ணன் கேட்டடிக்கு ஆள் அனுப்பினார். ஆள் வெறுங்கையோடு வந்தார். "அவனோடத அவிழ்க்கக் கூடாதாம். பாவம், அந்த அசலூர் ஆளுக்குப் புதுசா வாங்கிப் போடுங்கன்னு மதினி சொல்லுதா." புதிது வாங்கினோம். மதினி சாவுக்கு வரவில்லை. கதவைத் திறந்துபோட்டு விட்டு அவள் எங்கேயும் வருகிறவள் இல்லை.

கருமாதி அன்று பெண்கள் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மதினி வாசலில் நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பலகை தெரிந்தது.

"எங்கட்டி கூட்டிட்டுப் போறிய அவள?"

ஒருத்தி சொன்னாள். "தாலி கழத்த மதினி."

அன்று அண்ணனிடம் சொன்னதை இப்போதும் சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. என்னிடம் வந்தாள். முகத்துக்கு நேராக நின்றாள். அவ்வளவு பக்கத்தில் அவள் கண்ணை நான் பார்த்ததில்லை.

"நீ சொல்லுட்டி. உன் புருசன் ஆரு?"

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி என் கையை இழுத்தாள். உள்ளே இருந்து எண்ணெய் வாசம் வந்தது. அந்த வாசத்தை நம்பித்தான் அத்தனை வருஷம் இருந்தேன். பலகையில் இருந்தவன் சிரிக்கிறவன், கை விரிந்தவன். அவனைச் சொன்னால் தாலி இருக்கும். மதினி விடமாட்டாள், யார் வந்தாலும்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு நினைவுக்கு வந்தது.

"அந்த அசலூர் ஆளுதான் மதினி" என்றேன்.

மதினி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லச் சொல்லுட்டி. அவன் முழிச்சிருக்கான்."

திரும்பி நடந்து போனாள். உள்ளே நுழைந்து கதவை இழுத்துச் சாத்தினாள். போகிறவன் இருக்கிற வீட்டில் சாத்தக் கூடாது என்று அத்தனை வருஷம் திறந்தே கிடந்த கதவு. முனகிக்கொண்டு மெல்ல மூடியது.